ஸ்வஸ்திக் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் புதுவீட்டுக்குக் குடிபோகிறாள். நிலைவாசலில் மஞ்சள் பூசி, குங்குமத்தால் ஸ்வஸ்திக் இடச் சொன்னேன். அவள் தயங்குகிறாள். "இடப்பக்கம் திரும்பியதுதான் ஹிட்லரின் சின்னம், நம்முடையது வலப்பக்கம் திரும்பியது, பயமில்லை" என்கிறார் உறவினர் ஒருவர். அது சரியா?

பதில்: சரியல்ல. அதை நம்பி வாசலில் வரைந்துவிட வேண்டாம். நாஜிகள் 1920இல் எடுத்துக்கொண்ட சின்னமும் நம் வீட்டு ஸ்வஸ்திக்கைப் போல வலஞ்சுழிதான்; மேல் கையின் நுனி வலப்பக்கமே மடிந்திருக்கும். இடஞ்சுழியோ ஜப்பான் வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் காட்டும் குறி. சீனாவிலும் கொரியாவிலும் பௌத்த ஆலயங்களில் அதைக் காணலாம். இடஞ்சுழி என்றாலே கெடுதல் என்று நம்மிடையே உலவும் பேச்சை அங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

வேறுபாடு தெரிவது மற்ற அம்சங்களில். நாஜிக் கொடியில் சிவப்புப் பின்னணி, நடுவே வெள்ளை வட்டம், அதனுள் 45 பாகை சாய்ந்து நிற்கும் கறுப்புச் சின்னம். நம்முடையது பெரும்பாலும் நேராக நிற்கும், நான்கு கட்டங்களிலும் புள்ளி வைப்போம், மஞ்சளும் குங்குமமும் இருக்கும்.

பொருளைக் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் தருவார்கள்: சூரியன், நான்கு திசைகள், நான்கு வேதங்கள், பிள்ளையார். பௌத்தர்கள் புத்தரின் திருவடிச் சுவடுகளிலும் மார்பிலும் பொறித்தார்கள். என்னைக் கேட்டால் சமணர்களின் விளக்கம்தான் மிகத் தெளிவானது: நான்கு கைகளும் உயிர் பிறக்கக்கூடிய தேவர், மனிதர், விலங்கு, நரகர் ஆகிய நான்கு கதிகள், அவர்கள் சின்னத்துக்கு மேலே வைக்கும் மூன்று புள்ளிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். சமணர்கள் வணங்கும் அருளாளர்களான தீர்த்தங்கரர்களில் ஏழாமவர் சுபார்சுவநாதரின் இலச்சினையும் இதுவே. சிந்துவெளி முத்திரைகளில் தொடங்கி நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புழங்கும் சின்னம் இது. திருச்சிக்கு அருகே திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய மார்ப்பிடுகு பெருங்கிணறு ஸ்வஸ்திக் வடிவத்திலேயே இருக்கிறது. நான்கு கைகளிலும் படிகள் இறங்குகின்றன. கைகள் மடிந்து திரும்புவதால், ஒரு படித்துறையில் நிற்பவரை அடுத்த துறையில் நிற்பவர் பார்க்க முடியாது. சின்னத்தை இவ்வளவு காரியமாகப் பயன்படுத்திய இடம் வேறு எனக்குத் தெரியாது.

இனி உங்கள் மகளின் வாசலுக்கு வருவோம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கிறது. வழிபாட்டைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் அல்ல இது. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் தடை கொண்டுவந்தபோது இந்து, பௌத்த, சமணப் பயன்பாட்டுக்கு வெளிப்படையாக விலக்கு எழுதியதே, அதுபோன்ற தெளிவான வரியை ஜெர்மன் சட்டத்தில் எதிர்பார்க்காதீர்கள். அடுக்குமாடி நடைவழியில் குங்குமக் கோட்டைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புள்ளிகள் கண்ணில் படாது, வடிவம்தான் படும். அந்த மண்ணில் அதற்குப் பின்னால் லட்சக்கணக்கான சாவுகள் இருக்கின்றன.

ஆகவே வெளி நிலையில் மஞ்சள், குங்குமம், மாவிலைத் தோரணம், ஓம் போதும். ஸ்வஸ்திக்கைப் பூஜையறையிலும் கலசத்திலும் இடட்டும், தடையில்லை. புதுமனைப் படங்களை இணையத்தில் பகிரும்போது மட்டும் அது தனியாகத் தெரியும் படத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கார் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை இங்கிருந்து வாங்கி அனுப்பவே அனுப்பாதீர்கள்.