பித்தப்பையில் கல்: ஸ்கேனில் தெரிந்தாலே ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 46. முழு உடல் பரிசோதனையில் பித்தப்பையில் 9 மி.மீ. அளவில் இரண்டு கற்கள் இருப்பது தெரிந்தது. சாப்பிட்டதும் வயிறு உப்புசமாக இருக்கும், ஏப்பம் வரும். வலி இல்லை. ஆபரேஷன் அவசியமா? வாழைத்தண்டுச் சாற்றில் கரையுமா?

பதில்: வாழைத்தண்டைப் பொரியலாகவே சாப்பிடுங்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் கைவைத்தியம். நிறையத் தண்ணீர் குடித்தால் சின்ன சிறுநீரகக் கல் சிறுநீரோடு வந்துவிடலாம். பித்தப்பை வழியாகச் சிறுநீர் போவதில்லையே! அங்கே தேங்குவது கல்லீரல் சுரக்கும் பித்தநீர். அதிலுள்ள கொலஸ்டிராலோ நிறமியோ படிந்துதான் கல்லாகிறது. (தலைசுற்றினால் 'பித்தம்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.)

சரி, ஆபரேஷன்? பித்தப்பையில் கல் உள்ள பலருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வருவதில்லை. கல் இருக்கிறதா என்பதைவிட, அது வலி தருகிறதா என்றுதான் பார்ப்போம். அந்த வலிக்கென்று ஒரு தன்மை உண்டு. பிரியாணியோ பரோட்டாவோ சாப்பிட்ட இரவில், மேல்வயிற்றிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ பிடிக்கும். அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை விடாது. வலது தோள்பட்டைக்கும் பரவும், வாந்தி வரும். புரண்டு படுத்தாலும் ஏப்பம் விட்டாலும் குறையாது. உப்புசமும் ஏப்பமும் இந்தக் கணக்கில் வராது. பித்தப்பையை எடுத்த பிறகும் அவை அப்படியே தொடர்ந்து, 'ஏன்தான் செய்தோமோ' என்று வருந்துபவர்கள் உண்டு.

அதனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் காத்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வோம். ரிப்போர்ட்டை ஒரு அறுவை மருத்துவரிடம் காட்டி இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரைக்கும் மாத்திரை இருக்கிறது; சிறிய கொலஸ்டிரால் கற்களில் மட்டும், அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட்டால்தான் பலன். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. பட்டினி கிடந்து வேகமாக எடை குறைக்காதீர்கள், அதுவே புதிய கல்லை உண்டாக்கும்.

வலி வர ஆரம்பித்தால் தள்ளிப்போட வேண்டாம். கல்லை மட்டும் எடுப்பதில்லை, பையோடு எடுத்துவிடுவார்கள். 1882-ல் பெர்லினில் தொடங்கிய சிகிச்சை இது. இன்று லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போய்விடும்; சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளக்கமாகப் போகும், அவ்வளவுதான்.

குளிர்க்காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, முதுகுவரை குத்தும் கடும் வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கல் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம், கணையமும் வீங்கியிருக்கலாம். மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினால் 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே இ.சி.ஜி. எடுங்கள்; அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் வியர்வைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.