சுடுவது வயரா, சுவரா?

கேள்வி: உப்புவெளியில் கடற்கரையோரம் வாடகை வீட்டில் இருக்கிறோம். குசினியில் ஒரே ஒரு பிளக் பொயிண்ட். அதில் நாலு பிளக் குத்துகிற எக்ஸ்டென்ஷன் கோட் போட்டு பிரிட்ஜ், ரைஸ் குக்கர், கேத்தில் மூன்றையும் பாவிக்கிறோம். இரண்டு மாதமாக, சுவரில் குத்தியிருக்கும் பிளக் சுடுகிறது, கருகல் மணமும் வருகிறது. 'ஹெவி டியூட்டி' கோட் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், தங்கச்சி. அந்தப் பொயிண்டை இன்றைக்கே நிறுத்துங்கள்.

வயர் நீளத்துக்கும் சூடாக இருந்தால் சுமை கூடிவிட்டது என்று அர்த்தம். வயர் சாதாரணமாக இருக்க, சுவரில் குத்துகிற பிளக் மட்டும் சுட்டால் பிழை சுவருக்குள் இருக்கிறது. உங்கள் கதை இரண்டாவது. பேஸுக்குள், அதாவது பிளக் குத்துகிற சுவர்ப் பெட்டிக்குள், பின்னைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தகடு தளர்ந்துபோய்விட்டது. திருகோணமலையில், அதுவும் கடலோரத்தில், உப்புக்காற்று பட்டுப் பித்தளை பச்சை பிடிக்கும். பிடிப்பு விட்ட இடத்தில்தான் சூடு பிறக்கும். அந்தப் பேஸில் புதுக் கோட்டைக் குத்தினால் அதன் பின்னும் கருகும். பேஸ், கோட் இரண்டையும் மாற்ற வேண்டும்.

டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். கரண்ட் கசிந்து நிலத்துக்குப் போனால்தான் அது விழும். தளர்ந்த பேஸ் உள்ளுக்குள் வேகிறது அதற்குத் தெரியாது.

சுமையும் உங்களிடம் கூடத்தான். 13 அம்பியர் பொயிண்டில் ஏறக்குறைய 3000 வாட் எடுக்கலாம். கேத்தில் ஒன்றே 2000 வாட் வரை இழுக்கும், ரைஸ் குக்கர் 700 முதல் 1000 வரை. தேத்தண்ணியும் சோறும் ஒரே நேரத்தில் வைத்தால் எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள், பிரிட்ஜைச் சேர்க்காமலே.

இனிக் கடைக்காரர் கதை. 'ஹெவி டியூட்டி' என்பது ஓர் அளவே இல்லை, யாரும் அச்சடித்து ஒட்டலாம். வயரின் மேலேயே எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். குசினிக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வேண்டும். 0.75 என்றிருந்தால் போன் சார்ஜருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தரத்துக்கான எஸ்.எல்.எஸ். முத்திரையைத் தேடுங்கள். ஒரு சின்னக் காந்தமும் கொண்டு போங்கள். பின்னில் ஒட்டினால் அது பித்தளை இல்லை, பூச்சுப் பூசிய இரும்பு. ஒருமுறை ஒரு கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே மூன்று பின், உள்ளே இரண்டே வயர். எர்த் பின் வெறும் அலங்காரம்! சதுரப் பின் 13 அம்பியர்தான் நாட்டின் தரம் என்று அறிவித்தாயிற்று. பிறகும் எந்தப் பிளக்கையும் எதிலும் குத்தலாம் என்கிற அடப்டர்களைத் தெருவோரத்தில் குவித்து விற்கிறார்கள், கேட்க ஆளில்லை.

வயரிங் பாஸ்மாரிலும் கவனம். பிளக்கின் பியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி 'இனிப் போகாது' என்பார்கள். உண்மைதான், இனிப் பியூஸ் போகாது, வீடுதான் போகும். இந்தக் கடையில்தான் சாமான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால் அவருக்கு அங்கே கொமிஷன் இருக்கிறது.

பிரிட்ஜை எக்ஸ்டென்ஷன் கோட்டில் போடவே கூடாதா? சுவர்ப் பொயிண்டில் நேரே போடுவதுதான் முறை. வேறு வழியே இல்லையென்றால் போடலாம். ஆனால் அந்தக் கோட்டில் பிரிட்ஜ் மட்டும்தான், ஒரு சார்ஜர்கூடக் கூடாது. மோட்டர் கிளம்பும்போது ஓடுகிற நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். கோட் 1.5 வயராக, குட்டையாக இருக்கட்டும். மிஞ்சிய வயரைச் சுருட்டிக் கட்டினால் சூடு வெளியேறாது. பிரிட்ஜின் பின்புறச் சூட்டில் தொங்கவிடாதீர்கள், பாய்க்கு அடியிலும் வேண்டாம், குசினி கழுவுகிற தண்ணீர் படுகிற நிலத்திலும் வேண்டாம். வாரம் ஒருமுறை பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இதெல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்கு. நம் ஊரில் தற்காலிகம் என்றால் பேரப்பிள்ளை காலம் வரை ஓடும், அதனால்தான் சொல்கிறேன்.

வீட்டுக்காரரிடம் குசினிக்குத் தனி லைன் கேளுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், 20 அம்பியர் பிரேக்கர், இரண்டு பொயிண்ட். கரண்ட் எடுத்த நாளில் வயரிங் சோதித்த பத்திரம் இருக்கிறதே என்று அவர் சொல்லக்கூடும். எத்தனை வருஷத்துக்கு முந்திய பத்திரம் அது? அதற்குப் பிறகு மீட்டர் வாசிக்க மாதாமாதம் ஆள் வருகிறார், வயரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. செலவை வாடகையில் கழிப்பதென்றால் வேலை தொடங்க முன்னமே கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

பேஸை மாற்றியதும் பிரிட்ஜைச் சுவரிலேயே குத்துங்கள். தனி லைன் வரும்வரை சோற்றையும் தேத்தண்ணியையும் காஸ் அடுப்பில் வையுங்கள்.