தொழிலாளர் சட்டத்தை நம்பி வக்கீல் தொழிலில் இறங்கலாமா?

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு, அப்பா மில் தொழிலாளி, தொழிலாளர் பக்கம் நின்று வழக்கு நடத்த ஆசை, ஆனால் பிழைப்பு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். முதல் நாலைந்து வருடம் இழுத்துப் பிடித்துத்தான் ஓடும். பதினாறு வருடமாகத் தொழிலாளர் தரப்புக்கு மட்டுமே ஆஜராகிறவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜூனியராகச் சேர்ந்த முதல் வருடம். நூற்பாலையில் சைடு (நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கம்) பார்த்த ஓர் அக்கா சீனியரிடம் வந்தார். நாலு வருட வேலை. ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கேட்டில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். கடிதம் எதுவும் இல்லை. அவராகவே நின்றுவிட்டார், வருடத்தில் 240 நாள்கூட வேலை செய்ததில்லை என்று நிர்வாகம் பதில் போட்டது. அந்த 240 நாள்தான் உயிர்நாடி. அதைத் தாண்டியிருந்தால், ஆட்குறைப்பு என்றால்கூட ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தராமல் அனுப்ப முடியாது.

அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயின்ட் பேனாவில் ‘பகல்’ அல்லது ‘இரவு’, பக்கத்தில் எத்தனை சைடு பார்த்தார் என்ற எண். வேலைக்குப் போன நாளின் தாளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். மாதவாரியாக அடுக்கச் சொன்னார் சீனியர். இரண்டு நாள் அடுக்கினேன்.

240 நாளை முதலில் காட்ட வேண்டியவர் தொழிலாளிதான், வெறும் பிரமாண வாக்குமூலம் போதாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம் என்று 2005-இல் இன்னொரு தீர்ப்பு வழிகாட்டியது. அப்படியே செய்தோம். வருகைப் பதிவேடு கேட்டு மனுப் போட்டோம், வரவில்லை. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பதிவை வரவழைத்தோம். மாதத்துக்கு எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். ஒரு மாதம் 26 தாள், பதிவிலும் 26. அடுத்த மாதம் 24, பதிவிலும் 24. சந்தா கட்டாமல் விட்ட மாதங்களுக்கும் அந்தத் தாள்களை நம்பலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளம் என்று தீர்ப்பானது. வழக்கு போட்டு ஐந்து வருடம் கழித்து. அந்த ஐந்து வருடமும் அவர் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தத் தாமதம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆக, கோர்ட்டில் முழங்குகிற திறமையைவிட, இப்படித் தாளை எண்ணி அடுக்குகிற பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாருங்கள்.

படிப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1947-ஆம் வருடத் தொழிற்தகராறுகள் சட்டத்தை வைத்துத்தான் உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதற்கும் மற்றப் பழைய தொழிலாளர் சட்டங்களுக்கும் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலைநீக்கத்தை எதிர்த்து நேரடியாக வழக்குப் போட முன்பு மூன்று வருடம் அவகாசம் இருந்தது, இப்போது இரண்டே வருடம். ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது, இது பெரிய இழப்பு. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பது நல்ல மாற்றம். இவற்றோடு தமிழ்நாட்டின் 1981-ஆம் வருடப் பணி நிரந்தரச் சட்டத்தையும் படியுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற சட்டம் அது. நிர்வாகங்கள் தொழிலாளிக்கு இடையிடையே பிரேக் கொடுத்துத் திரும்ப எடுப்பது ஏன் என்று அதைப் படித்தால் புரியும்.

அப்புறம், தொழிலாளர் வழக்குகளில் வக்கீல் நினைத்தவுடன் ஆஜராகிவிட முடியாது. எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். சங்க நிர்வாகிக்கு அந்தத் தடை இல்லை. அதனால் ஏதாவது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தோடு பழகுங்கள். சமரச அதிகாரி முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்பதை நான் கற்றது ஒரு பழைய சங்கச் செயலாளரிடம்தான். 1918-இல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் நடத்தியபோது அதைக் காக்க ஒரு சட்டமும் கிடையாது. பின்னி ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. தொழிற்சங்கச் சட்டம் வந்ததே 1926-இல்தான்.

வருமானம்: ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சேரும்போதே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நிர்வாகத் தரப்புக்குப் போனால் மாதாமாதம் நிலையான பணம் வரும். நம் பக்கம் வழக்குக்கு வழக்குதான். பணிக்கொடை, விபத்து இழப்பீடு மனுக்கள்தான் முதல் சில வருடம் எனக்கு வாடகை கட்டின.

கடைசியாக உங்கள் அப்பாவுக்கு. “ராஜினாமா எழுதிக் கொடு, உடனே கணக்கு முடிக்கிறோம்” என்று யாராவது சொன்னால் அன்றே கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ராஜினாமா செய்தால் ஆட்குறைப்பு இழப்பீடு போய்விடும். ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடை எப்படியும் உண்டு, அதை அவர்கள் தரும் சலுகையாக நினைக்க வேண்டியதில்லை. பத்து வருட சர்வீஸ், கடைசி மாதம் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 என்று வையுங்கள். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 10,500. பத்து வருடத்துக்கு 1,05,000 ரூபாய். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அவருடைய சம்பளச் சீட்டுகள், ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் இந்த வாரமே ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.