ஷபூஸியின் 'எ பார் சாங்' வெறும் குடிப்பாட்டுதானே, அதற்கு ஏன் இவ்வளவு வரவேற்பு?

குடிப்பாட்டுதான். ஆனால் 'வெறும்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷபூஸி அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்; பாடலோ கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புற மண்ணில் பிறந்த இசைவகை. அந்த இசையைப் பல வருடங்களாக விரும்பிக் கேட்பவன் நான். இந்தப் பாடலை ஒதுக்குகிறவர்கள் அதன் முதல் வரிகளைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

2024 ஏப்ரலில் வெளியானது. காதலி மிக விலையுயர்ந்த பிர்கின் கைப்பை கேட்கிறாள். இவனுக்கோ பெட்ரோலுக்கும் மளிகைக்குமே சம்பளம் கட்டுப்படியாகவில்லை. எதற்காக இப்படி மாடாய் உழைக்கிறோம் என்று நொந்துபோய்த்தான் மதுக்கடைக்குப் போகிறான். விலைவாசி ஏறிக்கிடந்த அமெரிக்காவில் அது பலருடைய சொந்தக் கதை. உழைத்துக் களைத்தவன் மாலையில் குடிக்கப் போவதை பழைய கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்ட் 1969இலேயே பாடியிருக்கிறார். இது அந்த மரபில் வந்த பாட்டு.

பல்லவி வேறிடத்திலிருந்து வந்தது. ஜே-குவான் என்ற ராப் பாடகரின் 'டிப்ஸி' 2004இல் அமெரிக்காவின் முதன்மைப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டாம் இடம்வரை போன பாடல். நடன விடுதியில் எல்லோரும் போதையில் இருப்பதாக அவர் பாடியதை ஷபூஸி மதுக்கடைக்குக் கொண்டுவந்து, கிதாரோடும் கூட்டுக்குரலோடும் பாடினார். அன்று பள்ளி வயதில் அதற்கு ஆடியவர்கள் இன்று முப்பதுகளில் மளிகைக் கணக்கு பார்க்கிறார்கள். பழைய கொண்டாட்டமும் இன்றைய கவலையும் ஒரே பாட்டில் கிடைத்தால் கூட்டம் சேர்ந்து பாடாமல் என்ன செய்யும்?

ஹாட் 100 பட்டியலில் ஷபூஸியின் பாடல் 19 வாரம் முதலிடம். 2019இல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்டு டவுன் ரோடு' படைத்து, அப்போதும் முறியடிக்கப்படாமல் இருந்த சாதனைக்கு அது சமம். ஆனால் லில் நாஸ் எக்ஸின் பாடலைப் போதிய கன்ட்ரி அம்சங்கள் இல்லை என்று பில்போர்டு தன் கன்ட்ரி பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தது. இந்த முறை கன்ட்ரி வானொலி நிலையங்களே ஷபூஸியின் பாடலை ஏற்று முதலிடத்துக்குக் கொண்டுபோயின. பில்போர்டின் கன்ட்ரி பாடல்கள் பட்டியலில் பாடகி பியான்சேவின் பாடலுக்கு அடுத்து முதலிடத்துக்கு வந்ததும் இதுதான். கறுப்பினக் கலைஞர்கள் இருவர் அடுத்தடுத்து அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை.

அதனால்தான் அந்த நவம்பரில் நாஷ்வில்லில் நடந்த கன்ட்ரி இசைச் சங்க விருது விழா எனக்கு ஆறவில்லை. இரண்டு விருதுகளுக்குப் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. அதையாவது போட்டி என்று விட்டுவிடலாம். மேடையேறிய சிலர் அவர் பெயரை வைத்து மாறி மாறிச் சிலேடை பேசியதை எப்படி விடுவது? வர்ஜீனியாவில் வளர்ந்த நைஜீரியப் பெற்றோரின் பிள்ளை அவர். சிபுவேசே என்ற குடும்பப் பெயரைப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் தவறாக உச்சரித்ததில் பிறந்ததுதான் ஷபூஸி. அந்தப் பெயரையே தனதாக்கிக்கொண்டு அந்த அரங்குவரை வந்த மனிதரை, அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அப்படி நடத்தியிருக்கக் கூடாது. கேட்கும் மக்கள் அவருக்குக் கொடுத்த மரியாதையை மேடை கொடுக்கவில்லை.

பாடல் பிடித்திருந்தால் அடுத்து ஷபூஸியின் 'குட் நியூஸ்' கேளுங்கள். குடியும் தனிமையுமாக, ஒரு நல்ல செய்திக்காக ஏங்குகிறவனின் பாட்டு. அதுவும் 2025இல் கன்ட்ரி வானொலியில் முதலிடம் பிடித்தது. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.