தம்பியின் குணமும் ரம்மியும் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் தம்பிக்கு 29 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறான். ஆன்லைன் ரம்மியில் ஆறு லட்சத்துக்கு மேல் விட்டுவிட்டான். லோன் ஆப் கடனை அம்மாவின் நகையை விற்று அடைத்தோம். கொஞ்ச நாள் சும்மா இருந்தான். 2025இல் தடைச்சட்டம் வந்த பிறகும் எங்கிருந்தோ ஒரு லிங்க் பிடித்து மறுபடி ஆடுகிறான். "அப்பன் புத்தி, மாறாது" என்கிறார் சித்தப்பா. கல்யாணம் செய்துவைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார் அத்தை. பிறவிக் குணத்தை வைத்தியத்தால் மாற்ற முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணப் பேச்சை உடனே நிறுத்துங்கள். வரப்போகும் பெண்ணின் நகையும் அதே வழியில்தான் போகும்.

சித்தப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. சூதாட்ட அடிமைத்தனம் ஒரு நோய். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நோய்க்கு ஆளாவதில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்கின்றன. மனம் கலங்கினால் யோசிக்காமல் எதிலாவது இறங்கிவிடும் சுபாவமும் அபாயத்தைக் கூட்டும். அதற்காக 'மாறாது' என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பார்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சால் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டபோது, சூதாட்டத்தின் பக்கமே போகாத சிலர் அதில் விழுந்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்ததும் பலர் மீண்டிருக்கிறார்கள். அவர்களை எந்தக் குணத்தில் சேர்ப்பது?

குணத்தைப் பற்றிய கேள்வி வேறொரு இடத்தில் பயன்படும். பிளாஷ்சின்ஸ்கி, நோவர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல், இந்தப் பழக்கத்துக்கு வந்து சேரும் வழிகள் மூன்று என்றார்கள். பெரிய மனச்சிக்கல் ஏதுமின்றி, ஆடி ஆடியே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு வகை. துக்கத்தையும் பதற்றத்தையும் மறக்க ஆடுகிறவர்கள் இன்னொரு வகை. சிறுவயதிலிருந்தே எதிலும் பொறுமையில்லாத, பரபரப்பைத் தேடுகிற சுபாவக்காரர்கள் மூன்றாவது. மூவருக்கும் ஒரே வைத்தியம் போதாது. மூன்றாம் வகையினர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது அதிகம். அவர்களை விடாமல் பின்தொடர ஆள் வேண்டும்.

இதே போல் சீட்டில் மாட்டிய என் நண்பர் ஒருவருக்குத் துணையாக ஆலோசகரிடம் போயிருக்கிறேன். ஆலோசகர் கேட்டது வங்கி ஸ்டேட்மென்ட். பணம் போன நேரங்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிடச் சொன்னார். எல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல், அதுவும் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய் வந்த நாட்களில். குடிக்காத, தவணை தவறாத மனிதர் என் நண்பர். ஊர் அவரைப் பேராசைக்காரர் என்றது. அவருக்கு இருந்தது மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் பார்த்த பிறகுதான் சீட்டைப் பற்றியே பேச முடிந்தது.

"ஒரே ஒரு சீட்டு வந்திருந்தா டிக்ளேர் பண்ணியிருப்பேன்" என்று தம்பி சொல்லியிருப்பான். ஜெயிப்பதற்கு மயிரிழை முன்னால் தோற்பது, தோல்வி என்று மனதில் பதிவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அதுவே இழுக்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியும் அங்கேதான் பிறக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தக் கணக்கைத்தான் உடைக்கிறது: சம்பளம் ஏறிய மெசேஜ் வந்ததும் கை போனுக்குப் போகிறதே, அந்த நிமிடத்தை எப்படிக் கடப்பது என்று பழக்குகிறது. நால்ட்ரெக்சோன் மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சுபாவம் அப்படியே இருந்தாலும் ஆட்டம் நிற்கலாம்.

இனி அவன் கடனை நீங்கள் மொத்தமாக அடைக்காதீர்கள். அடைத்த மறுநாள் புதுக்கடன் வாங்க இடம் கிடைத்துவிடும். சம்பளக் கணக்கு, யுபிஐ எல்லாம் அவன் சம்மதத்தோடு சில காலம் உங்கள் கையில் இருக்கட்டும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இந்த நோயில் தற்கொலை எண்ணம் மிக அதிகம். தமிழ்நாட்டில் எத்தனை உயிர் போயிற்று என்று நாம் பார்த்தோம். அவனிடம் நேராகவே கேளுங்கள், "சாகலாம்னு தோணுதாடா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் அவனைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் இரவிலும் தமிழில் பேசலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் இணையப் பழக்கங்களுக்கென்றே 'ஷட்' கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே போங்கள். சித்தப்பா வர வேண்டாம்.