என்ன படம் பார்க்கலாம்? கேளுங்கள், கதை சொல்கிறேன்

வேலூர் பக்கத்து ஆட்கள் கேட்டதற்கெல்லாம் கீழே பதில் இருக்கிறது. கதை சொல்வேன், முடிவை மட்டும் கேட்காதீர்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: அண்ணே, வீடு கட்டிட்டிருக்கேன், தினமும் மேஸ்திரியோட மல்லுக்கட்டு. ஆறுதலா ஒரு படம் சொல்லுங்க.

ஆறுதலாக இருக்காது, ஆனாலும் நீங்கள் பார்க்க வேண்டியது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) தான். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட, வேலைக்குப் போகும் சுதா (அர்ச்சனா) தங்கையையும் வயசான தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்த வீடு கட்ட இறங்குகிறாள். கடன், பிளான் அனுமதி, சிமெண்டில் கைவைக்கும் காண்ட்ராக்டர் என்று வரிசையாக வந்து நிற்கும். பாட்டே கிடையாது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், தனியாகக் கிளம்பிப் போய் பாதி கட்டிய வீட்டின் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பார். அந்த ஒரு காட்சிக்காகவே நான் எல்லாரையும் இந்தப் படம் பார்க்கச் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: பழைய படம்னாலே பாட்டா இருக்கே சார், வேகமா எதுவும் இல்லையா?

'அந்த நாள்' (1954). எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி, இதிலும் பாட்டு இல்லை. 1943, ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, மனைவி என்று ஒவ்வொருவரும் தன் கோணத்தில் கதை சொல்லச் சொல்ல, செத்தவன் எப்படிப்பட்டவன் என்பதே மாறிக்கொண்டு போகும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா: பேய்ப் படம் வேணும், ரத்தம் கூடாது.

'ஈரம்' (2009) பாருங்கள் அக்கா. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண் தண்ணீரில் மூழ்கி இறந்து கிடக்கிறாள், தற்கொலை என்கிறார்கள், விசாரிக்க வரும் போலீஸ்காரனோ அவளுடைய பழைய காதலன். அப்புறம் பயமுறுத்துவதெல்லாம் தண்ணீர்தான்.

ஆற்காடு: பாலாத்தங்கரைக்காரன் பார்க்க ஒரு படம்?

கே. பாலச்சந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' (1981). கோமல் சுவாமிநாதனின் நாடகம் படமானது. கோவில்பட்டிப் பக்கம் அத்திப்பட்டி என்கிற வறண்ட ஊருக்கு வந்து சேரும் தலைமறைவு ஆள் ஒருவன், தூரத்துச் சுனையிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். ஊர் கூடி வாய்க்கால் வெட்டக் கிளம்பினால் சர்க்கார் குறுக்கே நிற்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த நம் சனத்துக்கு, மற்ற நாளில் வெறும் மணலையே பார்த்துப் பழகிய சனத்துக்கு, இந்தப் படம் தனியாகப் புரியும்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், லாட்ஜில் ராத்திரி தூக்கம் வரவில்லை. சிரிக்க ஏதாவது?

சீக்கிரம் குணமாகட்டும். 'காதலிக்க நேரமில்லை' (1964) போட்டுவிடுங்கள். பணக்கார அப்பா பாலையா, காதலில் விழும் இரண்டு மகள்கள், சினிமா எடுக்கிறேன் என்று அலையும் மகன் நாகேஷ். முழுசாகப் பார்க்க முடியாவிட்டால், நாகேஷ் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை மட்டுமாவது பாருங்கள், பாலையா முகத்தையே கவனியுங்கள். அப்பா வார்டிலிருந்து வந்ததும் அவருக்கும் போட்டுக் காட்டுங்கள்.