"சால்ட்வாட்டர்"னு வித்த ரீல் ரெண்டே ட்ரிப்ல இறுகிப்போச்சு, என்ன பண்ண?

கேள்வி: அண்ணே, நான் மதுரை ஆனையூர். கண்மாய்ல விரால் புடிச்சுப் பழக்கம். ஆன்லைன்ல ராடு ரீல் காம்போ 2,400 ரூவாய்க்கு வாங்குனேன், பேஜ்ல சால்ட்வாட்டர்னு கொட்டை எழுத்துல போட்டுருந்துச்சு. மண்டபத்துக்கு ரெண்டு தடவ போனேன், இப்ப ரீல் சுத்தவே மாட்டேங்குது. கேட்டா உப்புத்தண்ணி பட்டா வாரண்டி கிடையாதாம். மீனும் சிக்கல. அடுத்து எத வாங்க, எப்பப் போக?

பதில்: உப்புத்தண்ணிக்குன்னு வித்துப்புட்டு உப்பு பட்டதுக்கு வாரண்டி இல்லையாம்ல, நல்ல நியாயம் தம்பி. மொதல்ல அந்தப் பேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க, அவங்க அந்த வார்த்தைய அழிக்கிறதுக்குள்ள. பில்லு, அவங்க பதில் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு 1915க்கு, அதான் நுகர்வோர் உதவி நம்பர், போன் போடுங்க, சரிவரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், கம்பெனி எந்த ஊரா இருந்தாலும் சரி, 5 லட்சம் வரைக்கும் பீஸும் கிடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போட்ரணும், அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், வந்தோன்ன ரீல எப்படிக் கழுவுனீங்க? நான் ஒரு தடவ பைக் கழுவுற பைப்ப வச்சு பீச்சி அடிச்சு ஒரு நல்ல ரீலக் கொன்னுருக்கேன், வேகமா அடிச்சா உப்பு வெளிய வராது, உள்ள பேரிங்குக்குத்தான் போகும். டிராக்க, அதான் மீன் இழுக்குறப்ப லைன விட்டுக் குடுக்குற பிரேக்க, இறுக்கிட்டு நல்ல தண்ணிய பைய ஊத்தித் தொடைச்சு, காயவச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய், பெறகு டிராக்க லூஸ் பண்ணி வைங்க.

அடுத்து வாங்குறப்ப காம்போவே வேணாம். காச ரீல்ல போடுங்க, 4000 சைஸ், தண்ணி உள்ள போகாம சீல் வச்சதா. ராடு சுமாரா இருந்தாலும் ஓடிரும், 8 அடி 9 அடி போதும், வளையம் துருப்பிடிக்காததான்னு மட்டும் பாருங்க. லைனு 20 பவுண்டு தாங்குற பிரெய்டு, அதான் பின்னுன நூலு, முனையில கொஞ்சம் தடிச்ச நரம்பு, கூர்ப்பல்லு ஊளி மீன் சுத்துற எடம்னா ஒரு சாண் கம்பி, இல்லேன்னா ஒரே கடியில அறுத்துட்டுப் போயிரும்.

மீன் சிக்காததுக்கு காத்துதான் காரணமா இருக்கும்னு தோணுது. நீங்க எந்த மாசம் போனீங்கன்னு எழுதல. மண்டபத்துல ஒரு வசதி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். ஆடி மாசம் தென்மேற்கு காத்துல தென்கடல் பொங்கிக் கலங்கிக் கெடக்கும், அப்ப வடகடல் பக்கம் நில்லுங்க, ஐப்பசி கார்த்திகைல வாடை அடிக்கிறப்ப அப்படியே மாத்திக்கங்க. வெயில் ஏறுனப்பறம் கரையோரத் தண்ணி சுட்டுரும், மீன் ஆழத்துக்கு எறங்கிரும், அதனால விடியக்காலை இல்ல பொழுதுசாய. தண்ணி ஏறவோ வடியவோ செய்யணும், சும்மா நிக்கிற தண்ணில பாறை மீன் (டிரெவலி) லூர, அதான் பொய் இரைய, தொரத்தாது. கலங்கல்ல லூர் போட்டுப் பிரயோஜனமில்ல, உசுரு எறா போடுங்க.

போட்காரரு தீவுப்பக்கம் கூட்டிட்டுப் போறேன்னாருன்னா சரின்னு ஏறிராதீங்க. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா, அங்கிட்டு தூண்டில் போட்டா பாரஸ்ட்காரங்க கேஸ் போட்ருவாங்க.

அப்பறம் மாட்டுத்தாவணில பஸ் ஏறிப் போற ஆளுன்னா ரெண்டா கழட்டுற ராடா பாத்து வாங்குங்க, 9 அடிய முழுசாத் தூக்கிட்டு நின்னா கண்டக்டரு ஏத்தவே மாட்டாரு.